தட்டில் மிஞ்சியது

2025-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டமன்றத்தில் சமூக நலத்துறை அமைச்சர் கீதா ஜீவன் ஓர் அறிவிப்பைச் செய்தார். அரசுப் பள்ளிகளின் காலை உணவில் அரிசி உப்புமாவுக்குப் பதிலாக இனிப் பொங்கலும் சாம்பாரும் கிடைக்கும். பெரிய பெரிய திட்டங்கள் பேசப்படும் மன்றத்தில் உப்புமாவுக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த அறிவிப்பு மிகவும் கவனிக்கத்தக்கது. பிள்ளைகள் விரும்பித் தொடாத ஒரு பண்டம், பள்ளிச் சமையலறையிலிருந்து கோட்டை வரைக்கும் பேச்சாகி, உணவுப் பட்டியலைவிட்டே நீங்கியிருக்கிறது. இந்த நிலைக்கு வந்து சேர நம் ஊருக்கு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

சாப்பாட்டில் அடம் பிடிக்கும் பிள்ளையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். திருவொற்றியூர் தேரடியிலோ காலடிப்பேட்டையிலோ எர்ணாவூரிலோ எந்த வாசலில் நின்றாலும் காதில் விழும் பேச்சுதான் அது: ஒரு வாய் வாங்கிக்கொண்டு கன்னத்தில் அடக்கி வைத்துக்கொள்கிறது, காயைப் பொறுக்கிப் பொறுக்கி ஓரம் கட்டுகிறது, முட்டையில் மஞ்சளைத் தொடுவதே இல்லை. பழி ஒன்று குழந்தையின் நாக்கின் மேல் விழும், அல்லது அம்மாவின் கைப்பக்குவத்தின் மேல் விழும். திருவொற்றியூரையும் ராயபுரத்தையும் எண்ணூரையும் வைத்து இந்தச் சங்கதியைப் பின்னோக்கிப் பார்த்தால் கதை வேறாக இருக்கிறது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எதைச் சாப்பிட்டார்கள், எப்போது சாப்பிட்டார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதையெல்லாம் பஞ்சமும் ஆலைச் சங்கும் நகர எல்லைக்கோடும் அமெரிக்காவிலிருந்து வந்த கப்பலும் தீர்மானித்திருக்கின்றன.

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் வயதானவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதுண்டு. ஹைதர் அலியுடனான போரும் பஞ்சமும் சேர்ந்து சுற்றுப்புற ஊர்களைச் சூறையாடிய காலத்தில், 1782-ல், பட்டினியோடு நகரத்துக்கு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அங்கே ஓர் இடம் ஏற்பட்டது. மணியக்காரர் சத்திரம் என்று அது பெயர் பெற்றது. சத்திரத்தை ஒட்டி வைத்தியம் வந்தது, வைத்தியசாலை பெரிய ஆஸ்பத்திரியானது, 1938-ல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. வடசென்னையில் ஊர்ப் பொதுவில் சோறு போட்ட கதைக்கு அந்தத் தொட்டியே தொடக்கம் என்று கொள்ளலாம். அதற்கும் முன்பு திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலும் அதைச் சேர்ந்த மடங்களும் அன்னம் இட்டன. அதற்கான கொடைகளைக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் பேசுகின்றன. கோயிலில் கிடைத்தது பிரசாதம். கஞ்சித்தொட்டியில் கிடைத்ததோ உயிரைப் பிடித்து வைக்கும் அளவு மட்டும்.

அளவு என்ற அந்தச் சொல்தான் அடுத்த நூறு வருஷங்களுக்கு முக்கியமாக இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில், நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று சர் ரிச்சர்டு டெம்பிள் கணக்குப் போட்டார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த வில்லியம் கார்னிஷ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அந்த அளவில் வேலை செய்கிறவனின் உடம்பு தேயும் என்று எழுத்து மூலம் வாதாடினார். அந்த வாதம் முழுக்க எடையும் சத்தும் பற்றியது. சாப்பிடுகிறவருக்கு அது வாய்க்கு ருசித்ததா என்ற கேள்வி எழுவதற்கே அங்கே இடமில்லை. பசியின் உச்சத்தில் யாரும் ஒதுக்கி வைப்பதில்லை என்பதால் அதை ஒரு குறையாகக் கருதவும் வேண்டியதில்லை. ஆனால் ‘பசித்தால் தானாகத் தின்னும்’ என்று இன்றும் வீடுகளில் சொல்லப்படும் வாக்கியத்துக்குப் பின்னால் இப்படிப்பட்ட காலங்களின் நினைவு இருக்கிறது.

பஞ்சம் போன பிறகு நேரம் பிரச்சினையானது.

பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் ஆயிரக்கணக்கானவர்களை வேலைக்கு வைத்திருந்தன. 1918 ஏப்ரல் 27 அன்று அங்கே சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றாசிரியர்கள் அதைக் குறிப்பிடுகிறார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகிய இருவரும் அன்னி பெசன்ட்டின் தோழரான பி.பி. வாடியாவை அணுகி ஆலைத் தொழிலாளரின் குறைகளைச் சொன்னார்கள். அந்தக் குறைகளில் முன்னணியில் நின்றது கூலி மட்டும் இல்லை. மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையும்தான். கைகால் கழுவி, சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து, நாலு வாய் அள்ளிப் போடுவதற்குள் திரும்பக் கூப்பிடும் மணி அடித்துவிடும். நாட்டின் தொழிற்சங்க வரலாறு சோறு நிம்மதியாக உண்ண வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்தும் கிளம்பியிருக்கிறது என்பதைப் பாடப்புத்தகங்கள் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

அந்த அவசரம் ஆலையோடு நின்றுவிடவில்லை, வீட்டுக்கும் வந்தது. திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலைகள் பெருகப் பெருக அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலை வந்தது. இன்று ரயில் நிலையத்துக்கும் மெட்ரோ நிலையத்துக்கும் அதன் பெயர் நிற்கிறது. 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்னக் கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பிள்ளைகளுக்கான பலூன் செய்யத் தொடங்கினார். அதுதான் பிறகு எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனமானது. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் உருவாகி எண்ணூரில் கார் பூட்டும் ஆலையை அமைத்தது. பின்னாளில் அதுவே அசோக் லேலண்டு. 1955-க்குப் பிறகு என்ஃபீல்டு மோட்டார் சைக்கிளும் திருவொற்றியூரிலிருந்தே புறப்பட்டது.

இத்தனை ஆலைகளும் ஷிப்ட் கணக்கில் ஓடின. முதல் ஷிப்ட்டுக்குப் போகும் அப்பா பிள்ளை எழுந்திருக்கும் முன்பே கிளம்பிவிடுவார். நைட் ஷிப்ட் முடித்தவர் பிள்ளை பள்ளிக்குப் போகும் நேரத்தில் வந்து படுப்பார். மீன் வியாபாரத்துக்குப் போகும் குப்பத்துப் பெண்களோ விடியற்காலையிலேயே கூடையோடு காசிமேட்டுக்குப் போயிருப்பார்கள். அம்மா, அப்பா, பிள்ளைகள் நாலு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது வாரத்தில் ஒரு நாள் கிடைத்தால் பெரிது. பெரும்பாலும் அது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கறியோ மீனோ எடுத்த நாள். மற்ற நாட்களில் சின்னப் பிள்ளைக்குச் சோறு ஊட்டும் பொறுப்பு பாட்டி மேலோ, பத்து வயதுகூட நிரம்பாத அக்கா மேலோ விழும். காலையில் கடையில் வாங்கிய டீயும் பொறையும்தான் பலருக்கு நாஷ்டா. டீயில் நனைத்த பொறை வயிற்றை அடைத்துவிடும். அடுத்து வைக்கும் சோறு இறங்காது. வீட்டில் அதற்குப் பெயர் அடம்.

பெரியவர்களின் சாப்பாட்டுக்கு 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் ஓரளவு வழி செய்தது. ஐந்து மணி நேர வேலைக்குள் குறைந்தது அரை மணி இடைவேளை, 250 பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் கேன்டீன், பெண் தொழிலாளர் அதிகமுள்ள ஆலையில் குழந்தைகள் காப்பகம் என்று அது விதித்தது. அப்பாவின் தட்டுக்குச் சட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளையின் தட்டுக்கு என்ன வழி?

அதற்கான விடை சென்னையில் அதற்கும் முன்பே, 1920-ல் எழுதப்பட்டிருந்தது. மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராய செட்டியார் வண்ணாரப்பேட்டைப் பகுதியோடு பிணைந்தவர், நெசவுத் தொழில் நடத்தியவர், ஏழைப் பிள்ளைகளின் வீட்டு நிலைமையை அருகிலிருந்து பார்த்தவர். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் மிகவும் ஏழைகள், அதனாலேயே பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று அவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி கொடுக்க 1920 செப்டம்பர் 16 அன்று தீர்மானம் நிறைவேறியது. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23-ல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25-ல் 1,671 ஆயிற்று. இரண்டே வருஷத்தில் இரண்டு மடங்கு! இருந்தும் தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடக்கூடாது என்ற சட்டக் காரணத்தைக் காட்டி அன்றைய அரசு தடுத்ததால் 1925 ஏப்ரல் 1-ல் திட்டம் நின்றது. அதே மாதக் கடைசியில் தியாகராயரும் காலமானார். 1927-ல் 25 பள்ளிகளில் ஆயிரம் ஏழைப் பிள்ளைகளுக்காக அது மறுபடி உயிர் பெற்றது.

திருவொற்றியூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு பிடியும் கிடைக்கவில்லை. தண்டையார்பேட்டையைத் தாண்டினால் அன்றைக்கு நகரம் முடிந்துவிடும். திருவொற்றியூர் செங்கற்பட்டு மாவட்டத்து ஊர். நெடுங்காலம் தனி நகராட்சியாகவே இருந்து, 2011-ல்தான் கத்திவாக்கத்தோடு சேர்ந்து சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. நகரத்துக்கான டயரும் தீப்பெட்டியும் செய்த ஊருக்கு நகரத்தின் பள்ளிச் சிற்றுண்டி எட்டவில்லை என்பது வருத்தத்தோடு பதிய வேண்டிய உண்மை.

அந்த எல்லைக்கோட்டை அழித்தது காமராஜர் காலத்து மதிய உணவுத் திட்டம். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் மக்களிடம் அரிசியும் பணமும் திரட்ட, 1956-ல் எட்டயபுரத்தில் அது துளிர்த்தது. அடுத்த வருஷம் ஒரு சாப்பாட்டுக்கு 10 காசு என்று கணக்கு வைத்து, 6 காசை அரசும் 4 காசை ஊரும் ஏற்றன. 1961 முதல் அமெரிக்காவின் ‘கேர்’ அமைப்பு பால் பவுடர், மக்காச்சோள மாவு, எண்ணெய் ஆகியவற்றைக் கப்பலில் அனுப்பியது. சாம்பாரும் சோறும் கருவாட்டுக் குழம்பும் பழகிய நாக்குக்கு மஞ்சள் நிறச் சோளமாவு உப்புமாவும் கரைத்த பால் பவுடரும் முற்றிலும் அந்நியம். அந்தத் தலைமுறையில் பள்ளியில் படித்தவர்களைக் கேட்டால், ஒருவர் அந்த உப்புமாவின் வாசனையை இன்றும் ஏக்கத்தோடு சொல்வார், இன்னொருவர் அதை நினைத்தாலே முகம் சுளிப்பார். ஒரே தட்டு, இரண்டு நாக்கு.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் கிராமங்களில் தொடங்கி, செப்டம்பர் 15-ல் நகர்ப்புறங்களுக்கு வந்தது. சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று பெரும் எண்ணிக்கையில் பெண்களுக்கு வேலை கிடைத்தது. பிள்ளைகளுக்கு அவர்கள் எல்லாருமே ஆயாதான். ஆனால் பட்டியல் பல வருஷம் மாறவே இல்லை: சோறும் பருப்பும் காயும் சேர்ந்த சாம்பார், வாரம் முழுக்க. பசி உள்ள பிள்ளைக்கு அது போதுமானதாக இருந்தது. வீட்டு நிலைமை கொஞ்சம் தேறிய பிள்ளைகள் தட்டைத் தள்ளத் தொடங்கினார்கள்.

இந்த இடத்தில் முட்டையின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 1989 ஜூனில் கலைஞர் ஆட்சி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 1998-ல் வாரத்துக்கு ஒன்று. 2006-ல் இரண்டு, 2007-ல் மூன்று, 2010-ல் பள்ளி நாட்கள் ஐந்திலும் ஒவ்வொன்று. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். இருபது வருஷம் அரசியல் மேடைகளில் எல்லாரும் எண்ணிக்கையைத்தான் பேசினார்கள். எண்ணிக்கை ஏறியதில் பெரும் நன்மை இருந்தது, அதில் ஐயமில்லை. ஆனால் உப்பில்லாத வெறும் அவித்த முட்டையைத் தினமும் பார்த்தால் பிள்ளைக்குச் சலிப்பு வரும் என்பதைச் சமையல் பாத்திரம் கழுவும் ஆயாக்கள் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை; வாளியில் விழுந்த மஞ்சள் கருக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள்.

2013 மார்ச்சில் ஜெயலலிதா ஆட்சியில் மாவட்டத்துக்கு ஒரு வட்டாரம் என்று தேர்ந்தெடுத்து, கலவை சாதமும் மசாலா முட்டையும் பரிசோதனையாகத் தொடங்கின; பிறகு மாநிலம் முழுவதும் பரவின. வெஜிடபிள் பிரியாணி, கொண்டைக்கடலைப் புலாவ், தக்காளி சாதம், கறிவேப்பிலை சாதம், மீல் மேக்கர் சாதம், புளி சாதம், எலுமிச்சை சாதம் என்று பட்டியல் நீண்டது. முட்டைக்கு மிளகு ஏறியது, தக்காளி மசாலா ஏறியது, வெங்காயம் வதங்கியது. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு வறுவல். பொருள் அதேதான்: அரிசி, பருப்பு, காய், முட்டை. அரசின் கண் அளவிலிருந்து முதன்முறையாக ருசிக்குத் திரும்பியது அங்கேதான். இந்தத் திட்டத்தின் நூறு வருஷ வரலாற்றில் 2013-க்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

திருவொற்றியூரில் ருசியைப் பற்றிப் பேசும்போது பட்டினத்தாரை விட்டுவிட முடியாது. கையில் வைத்திருந்த பேய்க்கரும்பு எந்த ஊரில் கசப்பு மாறி இனிக்கிறதோ அதுவே முக்தித் தலம் என்று இறைவன் சொன்னதாகவும், ஊர் ஊராகச் சுற்றிய பிறகு ஒற்றியூர்க் கடற்கரையில் அது இனித்ததாகவும் கதை. கடைசி நாளில் கரையில் விளையாடிய சிறுவர்களோடு சேர்ந்து விளையாடியபோது அவர் சிவலிங்கமானார் என்றும் சொல்வார்கள். சமாதி கடற்கரை அருகே இருக்கிறது. பக்திக் கதையைச் சமையல் பாடமாக்க வேண்டியதில்லை. ஆனால் கசந்தது எப்போது இனிக்கத் தொடங்கும் என்ற கேள்வியை ஆராய்ச்சியாளர்களும் பொறுமையோடு கேட்டிருக்கிறார்கள்.

ஆயிரம் விளக்கில் ஓரணாச் சிற்றுண்டி நடந்த அதே பத்தாண்டில், 1926-ல், அமெரிக்காவில் கிளாரா டேவிஸ் என்ற மருத்துவர் பால் மறந்த குழந்தைகள் முன் பலவகை உணவுகளை வைத்து, எதை எவ்வளவு உண்பது என்பதை அவர்களிடமே விட்டார். மொத்தம் 34 உணவுகள். எல்லாம் பதப்படுத்தாத எளிய பண்டங்கள். ஒரு வேளை ஒன்றையே தின்றார்கள், இன்னொரு வேளை அதைத் தொடவில்லை. மாதக் கணக்கில் பார்த்தபோது நன்றாகவே வளர்ந்தார்கள். என்ன வைப்பது என்பதைப் பெரியவர்கள் சரியாகத் தேர்ந்ததால்தான் அது நடந்தது என்று டேவிஸே அழுத்திச் சொன்னார். பாக்கெட் தின்பண்டமும் சோறும் எதிரெதிரே இருந்தால் இந்த முடிவு பொருந்தாது.

லீயன் பர்ச் என்ற ஆய்வாளர் 1980-ல் வெளியிட்ட சோதனை சத்துணவுக் கூடத்துக்கு இன்னும் நெருக்கமானது. ஒரு காயைப் பிடிக்காத சிறு குழந்தையை, அதையே விரும்பித் தின்னும் சக பிள்ளைகளோடு சில நாள் உட்கார வைத்தார்கள். அந்தக் குழந்தையும் அதையே எடுத்தது. தனியாக உட்கார்ந்தபோதும் விருப்பம் நீடித்தது. 1982-ல் வந்த அவருடைய இன்னோர் ஆய்வில், இரண்டு வயதுப் பிள்ளைகள் புது உணவை எத்தனை தடவை ருசி பார்த்தார்களோ அத்தனைக்கு அதன் மேல் பிரியம் கூடியது. பத்துத் தடவைக்கு மேலும் ஆகலாம். மூன்றாம் தடவையிலேயே ‘இதுக்குப் பிடிக்காது’ என்று முத்திரை குத்தும் வீட்டில் அந்த வாய்ப்பு போய்விடுகிறது. 2006-ல் அவர் குழு வெளியிட்ட சூப் பற்றிய ஆய்வு மேலும் ஒன்றைக் காட்டியது: ‘முடி, முடி’ என்று நெருக்கப்பட்ட பிள்ளைகள் குறைவாகக் குடித்தார்கள், குறை அதிகம் சொன்னார்கள்.

பள்ளி வராந்தாவில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிடும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது புரிய ஆய்வு வேண்டாம். வீட்டில் பீன்ஸைத் தொடாத பையன், பக்கத்தில் உட்கார்ந்தவன் தட்டைப் பார்த்துக்கொண்டே புலாவோடு சேர்த்து விழுங்கிவிடுகிறான். அங்கே யாரும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பதில்லை. ஒரே நேரம், ஒரே பட்டியல், சுற்றிலும் சிநேகிதர்கள். வீட்டிலோ பூச்சாண்டி வருகிறான், காக்காய்க்குக் கொடுத்துவிடுவேன் என்ற மிரட்டல், இன்னும் ஒரு வாய்க்கு ஒரு சாக்லேட் என்ற பேரம். இப்போது அந்த இடத்தைச் செல்போன் பிடித்துக்கொண்டது. படம் ஓடும்வரை வாய் திறக்கும். என்ன தின்றோம் என்பதே பிள்ளைக்குத் தெரியாது.

ஷிப்ட் வீடுகளில் எல்லாரும் சேர்ந்து உட்காருவது எளிதில்லை என்பது உண்மைதான். ஆனாலும் பிள்ளையோடு ஒரு பெரியவராவது தட்டு வைத்துக்கொண்டு உட்காரலாம். பாட்டியாக இருந்தாலும் போதும். ஊட்டுகிறவராக மட்டும் இல்லாமல், சேர்ந்து சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். பழகிய ரசம் சோற்றின் ஓரத்தில் புதுக் காய் ஒரு ஸ்பூன், தின்றாலும் தின்னாவிட்டாலும் பேச்சு இல்லாமல். சாப்பாட்டுக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே டீ, பொறை, ஐந்து ரூபாய் பாக்கெட் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவது. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் 1980-களிலிருந்து சொல்லிவரும் பங்கீடும் இதுதான்: என்ன, எப்போது, எங்கே என்பது பெரியவர் பொறுப்பு, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை புதிதைக் கண்டு பின்வாங்குவது வளர்ச்சியில் இயல்பாக வருவது. எடை ஏறாமல் நிற்கிறது, எப்போதும் சோர்ந்திருக்கிறது, விழுங்கும்போது புரையேறுகிறது என்றால் மட்டும் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டியே ஆக வேண்டும். ரத்தசோகையும் வயிற்றுப் பூச்சியும் பசியைக் கெடுக்கும். பூச்சி மாத்திரை பள்ளியிலேயே கிடைக்கிறது. மருந்துக்குத் தீரும் குறையை அடம் என்று நினைத்துப் பிள்ளையை அடிப்பது பெரிய கொடுமை.

காலை உணவுக்கு வருவோம். சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் 2019-ல் அட்சய பாத்திரம் அமைப்பு காலை உணவு வழங்கத் தொடங்கியபோது ஒரு விவாதம் கிளம்பியது. அந்த அமைப்பின் சமையலில் வெங்காயமும் பூண்டும் சேர்வதில்லை. கர்நாடகத்தில் மதிய உணவிலும் அந்த அமைப்பின் மீது இதே கேள்வி எழுந்திருந்தது: வீட்டில் பூண்டு வாசனையோடு வளர்ந்த பிள்ளை அது இல்லாத சாம்பாரை விரும்பி உண்ணுமா? யாருடைய வழக்கம் யாருடைய தட்டில் வைக்கப்படுகிறது என்ற கேள்வி அது. வடசென்னை போன்ற ஊருக்கு மிகவும் பொருத்தமான கேள்வி.

2022 செப்டம்பர் 15-ல் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் கட்டம் 1,545 பள்ளிகள், சுமார் 1.14 லட்சம் பிள்ளைகள். சென்னையின் பங்கில் வடசென்னைப் பள்ளிகள் இடம்பெற்றன. 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையில் தொடங்கி மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அடுத்தடுத்து உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய் சாம்பார் என்று நாளுக்கொரு பண்டம். 1920-ல் தியாகராயர் மன்றத்தில் கேட்டதும் சிற்றுண்டிதான். முதல் ஷிப்ட்டுக்குப் போகும் பெற்றோருக்கும் காசிமேட்டுக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கும் விடிகாலையின் பெரும் நெருக்கடி அதனால் குறைந்திருக்கிறது. பிள்ளையைப் பிடித்து வைத்து ஊட்டும் போராட்டம் ஒரு வேளையாவது இல்லாமல் போயிருக்கிறது. அந்தப் பட்டியலிலிருந்துதான் மூன்றாம் வருஷத்தில் அரிசி உப்புமா விலகியது.

ஜப்பானில் 1954-லிருந்து பள்ளி மதிய உணவுக்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது. அங்கே பல பள்ளிகளில் தட்டில் மிஞ்சியதைத் தினமும் எடை போட்டு எழுதி வைக்கிறார்கள். எந்தப் பண்டம் மிஞ்சுகிறதோ அதைச் சமைக்கும் விதத்தை அடுத்த மாதம் மாற்றிப் பார்க்கிறார்கள். நம் சமையலறைகளில் எத்தனை பேர் உண்டார்கள் என்ற கணக்கு இருக்கிறது. எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கும் அதோடு சேர வேண்டும். வாளியைத் தினமும் பார்க்கும் ஆயாவிடம் ஒரு நோட்டைக் கொடுத்தால் போதும்.

அந்த நோட்டில் திருவொற்றியூர்ப் பிள்ளைகளிடம் கேட்டு எழுத இன்னொன்றும் உண்டு. இத்தனை பட்டியல் மாற்றத்திலும் மீன் வரவே இல்லை. நெத்திலியும் மத்தியும் மடவையும் இறாலும் தின்று வளரும் பிள்ளைகள் இவர்கள். பலருடைய பள்ளி ஜன்னலிலிருந்தே கடற்காற்று வரும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது மீன் விற்காமல் தேங்கியது, குப்பங்களில் அடுப்பும் தட்டும் சேர்ந்தே அடிபட்டன. முள், சீக்கிரம் கெடும் தன்மை, நாளுக்கு நாள் மாறும் விலை, மீன் உண்ணாத வீட்டுப் பிள்ளைகள் என்று தடைகள் உண்டு. முட்டைக்கும் 1989-ல் தடைகள் சொல்லப்பட்டன, வாழைப்பழத்தால் ஒரு வழி பிறந்தது. முள் தொல்லை இல்லாத நெத்திலிக் கருவாட்டை வறுத்துப் பொடித்து, வாரத்தில் ஒரு நாள், கேட்கிற பிள்ளைக்கு மட்டும் என்று காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரையுள்ள கடலோரப் பள்ளிகள் நாலைந்தில் மாநகராட்சி முதலில் செய்து பார்க்கலாம்.